பெலெவீ மூடாமல் போன நாள்

ஆலங்கட்டி மழை கதிரை அடித்துவிடக் கூடாதே என்று எங்கள் நாகா மலையூர் லெஜூமாவில் அறுப்புக்கு முன்னால் ஒரு நாள் ஊரே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அந்த நாளுக்குக் கென்னா என்று பெயர். அன்றைக்கு ஒருவரும் வயலுக்கு இறங்கக் கூடாது, மண்ணைக் கொத்தக் கூடாது, நெல் குத்தக் கூடாது, தறியில் உட்காரக் கூடாது, ஊர்வாசலைத் தாண்டி வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளாள் வெளியே போகக் கூடாது. நாங்கள் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் அது ஆலங்கட்டிக்குத் தெரியாதே.

விடியும்போது ஊர் உச்சியில் உள்ள பாறையில் ஒருவர் ஏறி, இன்று கென்னா என்று நாலு திசைக்கும் கூவி நாளைத் திறப்பார், சாயங்காலம் அவரே மறுபடி ஏறி, முடிந்தது, எல்லாரும் கையை அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று கூவி மூடுவார். திறந்த வாய்தான் மூட வேண்டும், அது முடியாவிட்டால் அந்த வீட்டு வாய் ஒன்று மூட வேண்டும், வேறு யார் கூவினாலும் அது வெறும் சத்தம். முப்பத்தோரு வருடம் எங்களுக்காகத் திறந்து மூடியவர் பெலெவீ. குட்டையான மனிதர், ஆனால் தொண்டை மட்டும் எதிர்மலை வரைக்கும் போகும். அவர் எங்களிடம் ஒரு கைப்பிடி அரிசிகூடக் கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை.

அந்த வருடத்துக் கென்னா அன்று, சூரியன் எதிர்மலைக்கு ஒரு சாண் மேலே நின்றபோது, பெலெவீ அடுப்படியை விட்டு எழுந்து, சால்வையைத் தோளில் போட்டு, "போய் மூடிட்டு வந்துடறேன், அரிசிக்கள்ள எடுத்து வை" என்று மனைவி அவினுவோவிடம் சொல்லி, வாசல்வரை போய், எதையோ மறந்தவர் மாதிரித் திரும்பி வந்து, அதே மணையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அவினுவோ கள்ளை மூங்கில் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள்.

நாங்கள் கீழே அவரவர் வாசலில் நின்று பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிழவன் குடித்துவிட்டுச் சாய்ந்துவிட்டான் என்று திட்டினோம். கோழிகள் கூடையில் அடையாமல் முற்றத்திலேயே சுற்றின. ஊர்த்தலைவர் மெசீசோ வீட்டுச் சுவர்க்கடிகாரம் நாலு இருபது காட்டியது, அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார், அப்போதும் நாலு இருபது காட்டியது, சாவி கொடுத்துப் பார்த்தார், சாவி சுற்றியதே தவிர முள் நகரவில்லை. சூரியனும் நகரவில்லை. நாளை மூடாமல் அது எப்படி இறங்கும்? இதில் எங்களுக்கு அதிசயம் ஒன்றும் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது.

உண்மையைச் சொல்வதானால் முதலில் சந்தோஷமாகவும் இருந்தது. மாடிப்படி மாதிரி வெட்டிய எங்கள் வயல்களில் வருடம் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தவர்கள் நாங்கள். ஒரு நாள் ஓய்வு கொஞ்சம் நீண்டால் யாருக்குக் கசக்கும்? சீட்டு ஆடினோம், பழைய சண்டைகளை எடுத்துப் போட்டுப் பேசினோம், பேசி முடித்ததும் புதுச் சண்டை போட்டோம். போதகர் மட்டும்தான் ஆரம்பத்திலேயே தவித்தார், ஏனென்றால் அன்று சனிக்கிழமை, மறுநாளைக்கு என்று பொறுமையைப் பற்றி ஒரு நீளமான பிரசங்கம் எழுதி வைத்திருந்தார், மறுநாள் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தித் திருத்தி, அடித்து அடித்து, கடைசியில் அதில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது என்று சொன்னார். அது என்ன வரி என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை.

ஊருக்குள் எதுவும் மேற்கொண்டு நடக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட வயிறு சாயங்கால வயிறாகவே இருந்தது, பெரிதாகப் பசிக்கவும் இல்லை, பசி ஆறவும் இல்லை. ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. ஒருவருக்கும் நகம்கூட வளரவில்லை. களைப்பு ஒன்றுதான் வளர்ந்தது. படுத்தால் தூக்கம் வராது, இன்னும் இரவு ஆகவில்லையே. சும்மா இருப்பதைப் போல உடம்பை முறிக்கிற வேலை வேறு இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் ஊர்வாசலுக்கு வெளியே நாட்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வயல்கள் வெளியேதான் இருந்தன. ஊரைச் சுற்றிய கல்மதில் மேல் உட்கார்ந்து எங்கள் நெல் பழுத்ததைப் பார்த்தோம், தலை சாய்ந்ததைப் பார்த்தோம், மணி உதிர்ந்ததைப் பார்த்தோம், கிளிகளும் காட்டுப்பன்றிகளும் வந்து போனதைப் பார்த்தோம். எதிர்மலைக்காரர்கள் தங்கள் அறுப்பை முடித்துவிட்டு, மனசு கேட்காமல் வந்து எங்கள் வயலில் மூன்று படியை அறுத்துக் கட்டு கட்டி வாசலுக்கு வெளியே அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களால் கொண்டுவந்து கொடுக்க முடியாது, எங்களால் எட்டி எடுக்க முடியாது. எலிகள் தின்று தீர்த்தன. அதற்குப் பிறகு வயலில் புல் வந்தது, புல்லுக்குப் பிறகு புதர் வந்தது, கடைசியில் மரமே வந்தது.

பதினேழு வயது தினுவோ பொறுக்கமாட்டாமல் மதிலைத் தாண்டிக் குதித்தான். குதித்த பிறகு உள்ளே வர முடியாது, அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் கழித்து, எங்களுக்குக் கொஞ்சம்தான், ஒரு பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று அம்மாவுக்குக் காட்டினான். அடுத்த முறை வந்தபோது அவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. அப்புறம் அவன் வருவதையே அவன் அம்மா விரும்பவில்லை, "ஒவ்வொரு தடவையும் வேற யாரோ வர்ற மாதிரி இருக்கு" என்று சொன்னாள். ஒருமுறை தேர்தல் அதிகாரி ஒருவர் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். ஓட்டுப் போடுவது வேலையா இல்லையா என்று நாங்கள் தகராறு செய்து, வேலை இல்லைதான் என்று முடிவுக்கு வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதில் பெரிய முடிச்சு என்னவென்றால், கென்னா அன்று மண்ணைத் தோண்டக் கூடாது என்பதால் பெலெவீயைப் புதைக்க முடியாது, அவரைப் புதைக்க நாளை மூட வேண்டும், நாளை மூட வேண்டியவர் அவர்தான். அந்த வீட்டு வாய் என்று பார்த்தால் ஒரே மகன் கேதுவோ, திமாப்பூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இருபத்துநாலு வயது. தகவல் கிடைத்து மூன்றாம் நாளே, வெளிக் கணக்கில் மூன்றாம் நாள், லாரியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் காலையில் நாள் திறந்தபோது ஊருக்குள் இல்லாதவன் வெளியாள், பெற்ற பிள்ளையானாலும் வெளியாள்தான். வாசலுக்கு வெளியே நின்று, முடிந்தது என்று கூவிப் பார்த்தான். அப்பனுடைய தொண்டை அப்படியே இருந்தது, பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது, எதிர்மலையில் நாய்கள் குரைத்தன. பாறை உள்ளே இருந்தது, அவன் வெளியே இருந்தான். சூரியன் அசையவில்லை.

மிச்சம் இருந்தது அவினுவோ. மனைவி அந்த வீட்டு வாயா, இல்லை அவள் பிறந்த வீட்டு வாயா என்று மெசீசோவும் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். பொம்பளை பாறை ஏறியதே இல்லை என்றார் ஒருவர். இத்தனை நீளமான சாயங்காலமும் இருந்ததே இல்லை என்றார் இன்னொருவர். எதிர்மலை ஒருமுறை பச்சையாகி மஞ்சளாகி முடிகிறவரை பேசி, சரி, அவள் ஏறலாம் என்று தீர்மானித்து, மெசீசோ தன் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் வீட்டுக்கு ஏறிப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

அவினுவோ கணவனின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

"நீதாம்மா ஏறி மூடணும்" என்றார் மெசீசோ.

"யாருக்குப் பதிலா?"

"பெலெவீக்குப் பதிலாத்தான்."

"அவர் கையைத் தொட்டுப் பாருங்க."

மெசீசோ தொட்டார். சூடாக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்தவர் கை மாதிரி இருந்தது. மூச்சு இல்லை, நெஞ்சு துடிக்கவில்லை, ஆனால் சூடு இருந்தது. ஆறுவதற்கு நேரம் வேண்டும், நேரம்தான் நகரவில்லையே.

"உடம்புல சூடு இருக்கிற ஆளுக்குப் பதிலா இன்னொருத்தர் கூவக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்க பெரியவங்கதான். ஆறட்டும். ஆறினதும் நானே ஏறுறேன்" என்றாள் அவினுவோ.

"நாள் முடிஞ்சாத்தானே ஆறும்?"

"அப்ப இருக்கட்டும்."

"ஊரு வயலெல்லாம் காடாப் போகுது, அவினுவோ."

"முப்பத்தேழு வருஷத்துல இந்த மனுஷன் என் பக்கத்துல இவ்வளவு நேரம் உக்காந்ததே இல்ல, அண்ணே" என்றாள் அவள்.

வற்புறுத்திக் கூவ வைத்தால் ஏழு வருடம் ஆலங்கட்டி கொட்டும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் வற்புறுத்தவில்லை. ஆனால் அவளை வெறுத்தோம். அவள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதை நிறுத்தினோம், பிறகு வெட்கப்பட்டு மறுபடி கொண்டுபோனோம், பிறகு வெறுப்பதற்கும் தெம்பில்லாமல் போயிற்று. அவள் பாட்டுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வயலைப் பற்றியும் மகனைப் பற்றியும் இளவயதில் அவர் ஒருமுறை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வைக்கப் போன எங்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, தங்கள் புருஷன்மார்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்கள்.

வெளியே கேதுவோ காத்திருந்தான். அப்பனுக்குக் குழி தோண்ட வேண்டியது மகன். தோண்டி மூடும்வரை அவன் முடி வெட்டக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது, வேறு ஊரில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வாசலுக்கு எதிரிலேயே லாரியின் தார்ப்பாயை மூங்கிலில் கட்டிக் குடிசை போட்டுக்கொண்டான். எதிர்மலைப் பெண் ஒருத்தி அவனுக்காக ஏழு அறுப்பு காத்திருந்தாள். எட்டாவது அறுப்புக்கு முன்னால் ஒரு கூடை ஆரஞ்சைக் கொண்டுவந்து வைத்து, அவனோடு உட்கார்ந்து இரண்டு பழம் உரித்துத் தின்றுவிட்டு, வேறு ஊருக்கு மருமகளாகப் போனாள். லாரிமேல் பீர்க்கங்கொடி ஏறியது. வருடாவருடம் காய்த்தது.

அவன் எங்களிடம் கேட்பான், "அசுவோ எப்படி இருக்காங்க?" அசுவோ என்றால் எங்கள் பேச்சில் அம்மா. நல்லா இருக்காங்க என்போம். மேலே போனால் அவள் கேட்பாள், "பையன் எப்படி இருக்கான்?" நல்லா இருக்கான் என்போம். வேறென்ன சொல்வது? முடி நரைத்ததைச் சொல்லவில்லை, முதுகு வளைந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டாள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம், நம்பினால் உடைந்துபோவாள் என்றும் சொல்லிக்கொண்டோம். நிஜம் என்னவென்றால், அவள் வீடு மேட்டில் இருந்தது, அவ்வளவு தூரம் ஏறிப்போய் ஒரு கெட்ட சேதியைச் சொல்லி, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க எங்களில் ஒருவருக்கும் தெம்பில்லை.

எதிர்மலை முப்பத்திரண்டாவது முறை மஞ்சளானபோது, மெசீசோ எதற்கோ மேலே ஏறினவர், எதற்கு ஏறினோம் என்பதே மறந்துபோய், அவினுவோ வீட்டு வாசற்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"கேதுவோ இன்னிக்கு ஒரு பல்லைத் துப்பினான். முன்பல்லு."

"யாரோட சண்டை போட்டான்?"

"சண்டையெல்லாம் இல்ல. தானா விழுந்துச்சு."

"இருபத்துநாலு வயசுல தானா எப்படிப் பல்லு விழும்?" என்று அவினுவோ சிரித்தாள்.

"அது ஊருக்குள்ள நம்ம கணக்கு" என்றார் மெசீசோ. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

அவினுவோ கணவனின் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். எழுந்தாள். அந்தச் சாயங்காலம் தொடங்கியதிலிருந்து அவள் வீட்டை விட்டு இறங்கியது அப்போதுதான். கல்படிகளில் மெதுவாகக் கால் வைத்து, வழியில் நின்ற எங்களை ஒருவரையும் பார்க்காமல், ஊர்வாசலுக்கு வந்தாள். வெளியே லாரியில் பீர்க்கங்காய் பறித்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். குட்டையான மனிதர், தலை முழுக்க நரை, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்.

"இங்க நின்னு என்ன பண்றீங்க?" என்று அவினுவோ கத்தினாள். "பொழுது சாயறது தெரியல? ஊரே உங்களுக்காக முழிச்சுக்கிட்டு இருக்கு. போய் மூடிட்டு வாங்க, போங்க!"

அவர் பீர்க்கங்காயைக் கீழே வைத்தார்.

"அசுவோ, நான்தான். கேதுவோ."

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவினுவோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவனை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய வெட்டாத முடியைப் பார்த்தாள், வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். அவனுக்கு ஐம்பத்தாறு, அவளுக்கு அப்போதும் ஐம்பத்துநாலு. நடுவில் ஒரே ஒரு மரநிலை, ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், இரண்டு பேரும் தாண்டவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

"இடுப்பு வலிக்குதா?"

"குளிர்காலத்துல மட்டும்."

"எத்தனை குளிர்காலம்?"

"அப்பா கை இன்னும் சூடா இருக்கா?" என்று கேட்டான். அதில் கோபம் துளிகூட இல்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

"இருக்கு" என்றாள் அவினுவோ. "உனக்கு அது கிடைக்காது, கேது. நீ வந்து தொடும்போது ஆறிப்போயிருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

அவள் திரும்பி ஏறினாள். தன் வீட்டு வாசல் வந்ததும் ஒரு கணம் நின்றாள், உள்ளே போகவில்லை. போயிருந்தால் அந்தக் கையை இன்னொரு தடவை பிடித்திருப்பாள், பிடித்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். பாறையில் கையையும் முழங்காலையும் ஊன்றி ஏறி, உச்சியில் நின்று, முடிந்தது, எல்லாரும் கையை அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று கூவினாள். பெரிய குரல் ஒன்றும் இல்லை, கோழிகளைக் கூட்டுக்கு அழைக்கிற குரல்தான். அதுவே போதுமானதாக இருந்தது. சூரியன் நழுவி எதிர்மலைக்குப் பின்னால் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை எங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் தூங்கிவிட்டோம். நின்றவர்கள் நின்ற இடத்திலேயே சரிந்து, உட்கார்ந்தவர்கள் சுவரில் சாய்ந்து, மெசீசோ சிவப்புச் சால்வையோடு வாசற்படியில் சுருண்டு, போதகர் கையில் காகிதத்தோடு, முப்பத்திரண்டு வருடத் தூக்கத்தை ஒன்றாகத் தூங்கினோம். கேதுவோ வாசலைத் தாண்டி உள்ளே வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. எங்களை மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டித்தான் அவன் மேலே போயிருக்க வேண்டும்.

சேவல் கூவித்தான் எழுந்தோம், முதுகெல்லாம் பனி. எங்களுக்கு ஓய்வு திறந்து ஓய்வு மூடிக் கொடுத்த மனிதரைப் புதைக்க வேண்டுமே என்று அப்போதுதான் நினைவு வந்து, மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, இந்தா வந்துவிட்டோம் என்று சத்தம் போட்டபடி ஊர் முழுக்க மேலே ஓடினோம். அவர் வீட்டு முன்னால் புது மண் மேடு இருந்தது, மேலே கற்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கைகூட நாங்கள் பிடிக்கவில்லை.

மேட்டின் பக்கத்தில் அவினுவோ கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், நகக்கண்ணெல்லாம் மண். அவள் மடியில் தலை வைத்து அந்த நரைத்த மனிதர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவள் சால்வை நுனியால் அவர் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். மெசீசோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"சத்தம் போடாதீங்க அண்ணே" என்றாள் அவினுவோ. "பையன் இப்பத்தான் தூங்கினான்."

நாங்கள் மண்வெட்டிகளைச் சத்தம் வராமல் தோளில் மாற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கீழே இறங்கினோம்.